அம்பத்திரண்டு கிலோ

ஜூன் 9, ஞாயிறு

இல்லை, கதவை நான் அறையவில்லை. காற்று. அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறாள், நானும் காற்று என்றே சொல்கிறேன். திருச்செங்கோட்டில் இன்று ஒரு இலைகூட அசையவில்லை என்பது எனக்கும் தெரியும்.

அக்காவுக்குப் பூ வைக்க வந்தவர்கள் இப்போதுதான் போனார்கள். மாப்பிள்ளை பெயர் யுகேந்திரன். ஈரோட்டில் ஒரு தனியார் வங்கியில் வேலை. ஆள் மோசமில்லை, வாய்தான் இல்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அத்தை பேசுகிறாள். பூவை வைத்த கையோடு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிறவள் மாதிரி.

"என்னங்க, புள்ள குச்சியாட்ட இருக்குது? எத்தன கிலோ?"

அம்மா தயாராக இருந்தாள். "அம்பத்திரண்டுங்க. பாத்தாத் தெரியாது. எலும்பு கனம்."

எலும்பு கனமாம். ஜீவிதா அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பொய் எங்கள் வீட்டில் ஒரு ஆளாகக் குடியிருக்கிறது. பயோடேட்டாவிலும் ஐம்பத்திரண்டுதான். உண்மை நாற்பது. மழையில் நனைந்துவிட்டு வந்தால் நாற்பத்தொன்று இருப்பாள்.

"எலும்ப வச்சு என்ன பண்றதுங்க? மாலையப் போட்டா எங்காச்சும் நிக்கோணுமல்லோ. முன்னாடி திண்ணையாட்டச் சமமா இருக்குதே. ஆவணில கல்யாணம், அதுக்குள்ள கொஞ்சம் சதை போட வைங்க."

பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். ஆம்பளைகள் ஃபேனைப் பார்த்தார்கள். யுகேந்திரன் செல்போனைப் பார்த்தான். அக்காவும் சிரித்தாள். அதுதான் எனக்கு ஆகவில்லை. எழுந்து உள்ளே போனேன். அப்போதுதான் அந்தக் காற்று.

அப்பா போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். வீடியோ காலில் கையை ஆட்டினார், சிக்னல் போய்விட்டது. வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பளை நான். இன்ஜினியரிங்கை ரெண்டாம் வருசத்தில் விட்டுவிட்டு முட்டை வண்டி ஓட்டுகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்?

இந்த டைரி கோழித்தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோழி. அக்காதான் இதை என் மேல் வீசினாள். "கத்தறத இதுல கத்து. எங்க காது புளிச்சுப் போச்சு."

ஜூன் 11, செவ்வாய்

சங்ககிரி லோடு. பேக்கரிக்காரன் பத்து முட்டை உடைந்திருக்கிறது என்றான். அவன் பையன்தான் உடைத்தான், நான் பார்த்தேன். சண்டை.

வண்டி ஓட்டும்போது ப்ளைவுட் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. (ப்ளைவுட் என்றால் அக்கா. என் போனில் அந்தப் பெயர்தான் வெகுகாலமாக இருக்கிறது. தமாஷுக்கு.)

ஜூன் 14, வெள்ளி

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். பக்கெட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வண்டிக்கு லீவு சொல்லு. கோயமுத்தூர் போகோணும்."

"என்னத்துக்கு?"

"ஒரு டாக்டரைப் பாக்க. ஆபரேசனுக்கு."

பக்கெட்டைக் கீழே வைத்தேன். என்ன ஆபரேசன் என்று கேட்டேன். ஒரு துண்டை உதறினாள், கிளிப் மாட்டினாள், அடுத்த துண்டை எடுத்தாள். அப்புறம் துண்டைப் பார்த்தே சொன்னாள். மார்பைப் பெரிது பண்ணுகிற ஆபரேசன். உள்ளே சிலிக்கான் வைப்பார்களாம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், பக்கத்து வீட்டு மாடியில் ஆள் வந்துவிட்டது.

"கத்தி முடிச்சிட்டியா? முழு மயக்கமெல்லாம் இல்ல. அந்த எடத்துல மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பாங்க. நான் முழிச்சிட்டேதான் இருப்பேன். காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துறலாம்."

"பல்லுப் புடுங்கறதாட்டவா?"

"ஆமா, பல்லாட்ட."

"அம்மாவுக்கு?"

"ஆபீஸ்ல டிரெயினிங்குன்னு சொல்லிக்கறேன். கூட ஒரு ஆள் வரோணும்னு சொல்லிட்டாங்க. இல்லாட்டி உன்னக் கூப்புடுவனா?"

"அந்தத் தடியன் சொன்னானா? யுகேந்திரன்?"

பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். பதில் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவன்தான். அவனும் அவன் அத்தையும்.

ஜூன் 15, சனி

கோயமுத்தூர். ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி. ஆஸ்பத்திரி வாசனையே இல்லை, ரூம் ஸ்ப்ரே வாசனை. சுவரெல்லாம் வெள்ளைக்காரிகள்.

டாக்டர் நன்றாகப் பேசினார். அளவுக்கு மேல் நன்றாகப் பேசினார். "அட்மிசன் கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது, பயம் கிடையாது. பாதியில உங்கள எழுப்பி உக்கார வைப்பேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு நீங்களே கண்ணாடில பாத்துச் சொல்லலாம். முழு மயக்கத்துல இதெல்லாம் முடியுமா, சொல்லுங்க?"

அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். அவள் முகம் அப்படி ஆனதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அவனுக்காக இவ்வளவு ஆசையா? எரிச்சலாக வந்தது.

அப்புறம் ஒரு நர்ஸ் வந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். சுகர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா, முன்னாடி ஏதாவது ஆபரேசன்.

"வெயிட் எவ்ளோங்க?"

"அம்பத்திரண்டு," என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை. பெயரைச் சொல்வது மாதிரி வந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். மூலையில் எடை மெஷின் ஒன்று இருந்தது. அதன் மேல் விளம்பர நோட்டீஸ் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்கள். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். நான் சங்ககிரி வரை அந்த அத்தையை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 19, புதன்

அம்மா அக்காவுக்குத் தினமும் நெய் ஊற்றுகிறாள், பேரீச்சம்பழம் கொடுக்கிறாள். "ஆவணி வந்துரும் கண்ணு, திங்கற மாதிரி நடிக்காத." அக்கா தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள். ரெண்டு கிலோ ஏறியிருக்கிறேன், நான்.

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அந்த மாடி இல்லை. நிஜ ஆஸ்பத்திரி.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

காலையில் உள்ளே கூட்டிப்போனார்கள். கதவுக்கு வெளியே நாற்காலி. உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்கள். டாக்டர் குரல் கேட்டது, "சின்ன எறும்புக் கடிம்மா, அவ்ளோதான்." அக்கா என்னவோ சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எறும்புக் கடி. மறுபடியும். எத்தனை எறும்பு என்று நினைத்தேன்.

அப்புறம் அக்கா சத்தம் இல்லை. நர்ஸ் மட்டும், "மேடம், ஓகேவா? மேடம்?" என்றாள். என்னவோ கீழே விழுந்து உருண்டது. பாட்டை யாரும் நிறுத்தவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அக்கா டேபிளில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். கை, கால், தாடை எல்லாம். கண் மேலே போயிருந்தது. கத்தி இன்னும் வைக்கவே இல்லை, வெறும் ஊசிதான். டாக்டர் அவள் மூக்கில் ஆக்சிஜனை அழுத்திக்கொண்டே நர்ஸைப் பார்த்துக் கத்தினார், "இவங்க எவ்ளோ வெயிட்டு?"

"அம்பத்திரண்டு டாக்டர்."

"நாப்பது!" என்றேன். "நாப்பதுதான்யா!"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். மரத்துப்போகிற மருந்தை உடம்பு எடைக்குக் கணக்குப் பண்ணித்தான் போடுவார்களாம். எடைக்கு மேல் போனால் அது ரத்தத்தில் ஏறி மூளையைப் பிடிக்குமாம். அதற்கு மேல் போனால் இதயத்தை. இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை, இங்கே இருக்கிற டாக்டர். அந்த மாடி டாக்டர் வாயைத் திறக்கவில்லை. ஆம்புலன்சில்கூட ஏறவில்லை. நர்ஸை அனுப்பினார்.

கிளம்பும் முன் அந்த எடை மெஷினை ஒரு உதை விட்டேன். நோட்டீஸ் எல்லாம் பறந்தது. ஒரு ஆளை அதில் ஏற்றி நிற்க வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் எழுதிக்கொள்வதா? நூறு கிலோ என்றால் நூறு என்று எழுதுவாயா நீ?

பால் மாதிரி வெள்ளையாக ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மருந்தை உறிஞ்சி எடுக்குமாம். வலிப்பு நின்றுவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும். எப்படிச் சொல்வது?

ஜூன் 23, ஞாயிறு

கண் திறந்தாள். இதயம் சரியாக இருக்கிறதாம். "தண்ணி" என்றாள். அப்புறம் "அம்மாகிட்டச் சொல்லாத" என்றாள். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

டியூட்டி டாக்டர் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். அலர்ஜி இல்லை, வலிப்பு நோயும் இல்லை, எடையைத் தப்பாகச் சொன்னதால் மருந்து அளவு மீறிவிட்டது, அந்த கிளினிக்கில் எடை பார்த்திருக்க வேண்டும். அம்மா, "நான் சொல்லலீங்க, நான் கூடவே வரலீங்க" என்றாள். டாக்டர் "உங்கள ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். அம்மா வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஆமாம், சட்டையைப் பிடித்தேன்.

ஈரோடு போய் அவன் வங்கி வாசலில் நின்றேன். டீ குடிக்க வெளியே வந்தான். "வாங்க மச்சான்" என்று சிரித்தான். மச்சானாம்.

"உனக்குச் சதை வேணுமாடா? உனக்காகத்தான் மார்ல ஊசி குத்திட்டு வலிப்பு வந்து கெடக்கறா! போய்ப் பாரு! உன்ற அத்தையையும் கூட்டிட்டுப் போ!"

டீக்கடையில் எல்லாரும் திரும்பினார்கள். செக்யூரிட்டி ஓடி வந்தான். யுகேந்திரன் கையில் இருந்த டீ என் மேலேயே கொட்டியது. அவன் கண்ணில் தண்ணீர். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சத்தியமா. யாரு, ஜீவிதாவுக்கா? எந்த ஆஸ்பத்திரி?"

நடிக்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். பஸ் ஏறியபிறகுதான், நடிக்கத் தெரிந்தவன் பூ வைக்கிற அன்றைக்குக் கொஞ்சமாவது நடித்திருப்பானே என்று தோன்றியது. சட்டை பூராவும் டீ. நாற்றம்.

ஜூன் 25, செவ்வாய்

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம்.

யுகேந்திரன் அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறான். என்னை ரூமுக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். நான் மெதுவாகத்தான் சாத்தினேன்.

"யாரக் கேட்டு அங்க போன?"

"உனக்காகத்தான்…"

"எனக்காகவா? நான் அந்த டாக்டர்கிட்டப் பேரு குடுத்தது மாசி மாசம். இவிய பொண்ணுப் பாக்க வந்தது சித்திரைல. அப்ப இந்த யுகேந்திரன் கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது. போதுமா?"

எனக்குப் பேச்சே தப்பாக வந்தது. "அப்பறம் யாருக்காகடா… யாருக்காக்கா?"

"பாரு, உனக்கு யாராச்சும் ஒரு ஆளு வேணும். அடிக்க." தலையணையில் சாய்ந்தாள். "குளிச்சிட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கறப்ப அங்க மாப்பளையும் இல்ல, அத்தையும் இல்ல. நான் மட்டும்தான் நிக்கறேன். எனக்குப் புடிக்கல, நவநீ. சின்னதுலருந்து புடிக்கல. அவ்ளோதான். இதுக்கு மேல காரணம் கேட்டா எங்கிட்ட இல்ல."

ஊசி போடும்போது என்ன ஆனது என்று கேட்டேன். உதடு மரத்ததாம், வாயில் இரும்பை நக்கியது மாதிரி ருசியாம், காதுக்குள் ஙொய் என்று சத்தமாம்.

"சொல்லியிருக்கலாமல்லோ?"

"நர்ஸ் ஓகேவான்னு கேட்டா. ஓகேன்னேன். பொண்ணுப் பாக்க வர்றப்ப எல்லாத்துக்கும் சிரிச்சிட்டே உக்காந்திருப்பனே, அப்படி வாய் பழகிப்போச்சு."

"எடையவாச்சும் நெசம் சொல்லியிருக்கலாம்."

"நீ பக்கத்துலதான இருந்த? சிரிச்ச."

எனக்கு அது ஞாபகம் இல்லை.

ஜூன் 26, புதன்

நாமக்கல் போய் லோடு ஏற்றினேன். யாரோடும் சண்டை இல்லை. முதலாளி "ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

ஜூன் 28, வெள்ளி

இதைவிடக் கேவலம் உண்டா? யுகேந்திரனின் அத்தை அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள்: "பொண்ணுக்கு வலிப்பு இருக்குதாமா? மறைச்சுட்டீங்களே!"

வலிப்பு என்கிற வார்த்தை எப்படி அவள் காதுக்குப் போனது? எவன் சொன்னானோ. ஊர்வாய். யுகேந்திரன் ஆபரேசனைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை என்று தெரிகிறது. வெட்கப்பட்டோ, இரக்கப்பட்டோ, அதை மட்டும் விழுங்கிவிட்டான்.

மத்தியானத்துக்குள் பெரியம்மா போன் பண்ணிவிட்டாள், அப்புறம் சேலத்துச் சித்தி. வலிப்பு என்று ஒரு பொண்ணுக்குப் பேர் விழுந்தால் எங்கள் பக்கம் அவ்வளவுதான். தங்கச்சி இருந்தால் அவளுக்கும் இருக்கிறதா என்று கேட்பார்கள். வலிப்பு இல்லை, மருந்து ஜாஸ்தியானதால் வந்தது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, என்ன மருந்து, எதுக்கு?

அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "பல்லுக்குன்னு சொல்லிரலாமா? பல்லுப் புடுங்க ஊசி போட்டாங்க, ஒத்துக்கலன்னு?"

நல்ல பொய்தான். நானே தலையாட்டிவிட்டேன். அக்கா அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது.

ஜூன் 30, ஞாயிறு

அக்காவே பேசினாள். கூடத்தில் நடுவில் உட்கார்ந்து, அம்மா போனில் இருந்து அத்தை நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா பிடுங்க வந்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை.

"ஜீவிதா பேசறேனுங்க."

"சொல்லு கண்ணு. ஒடம்பு எப்படி இருக்குது? அடிக்கடி வருமா?"

"எனக்கு வலிப்பு இல்லீங்க. மார்பு பெருசு பண்ற ஆபரேசனுக்குப் போனேன். மரத்துப்போற ஊசி ஜாஸ்தியாகி இழுத்துருச்சு. என்ற எடை அம்பத்திரண்டு இல்லீங்க. நாப்பது."

போனில் பின்னாடி ஒரு குக்கர் விசில் அடித்தது.

"என்ன கண்ணு இது… இதெல்லாமா வெளிய சொல்லுவாங்க? நான் ஏதோ அன்னிக்கு வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு…"

"நீங்க சொன்னதுக்காக இல்லீங்க. அதுக்கு முன்னாடியே. உங்களுக்கு அந்தப் பெருமை வேண்டாம்."

கட் பண்ணினாள். நான் கைதட்டப் போனேன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அம்மா அடுப்படிக்குப் போய் ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை எல்லாம் மறுபடியும் கழுவினாள்.

ஜூலை 3, புதன்

யுகேந்திரன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். "எனக்கு ஒண்ணும் இல்ல ஜீவிதா, வீட்லதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க." அக்கா "சரிங்க" என்று பதில் போட்டாள். பூ வைத்த புடவையைக் கொரியரில் அனுப்பிவிட்டாள். அட்ரஸ் என்னை எழுதச் சொன்னாள். பேப்பர் கிழிகிற மாதிரி எழுதினேன்.

ராத்திரிச் சோற்றுக்கு ரசம் கேட்டாள்.

போனில் அவள் பெயரை 'அக்கா' என்று மாற்றினேன். பழைய பெயர் சலித்துப்போய்விட்டது, வேறொன்றும் இல்லை.

ஜூலை 20, சனி

மறுபடியும் பண்ணிக்கொள்ளப் போகிறாளாம்.

இந்தத் தடவை நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான். கத்தினேன். "செத்துப் பொழச்சவ நீ! கல்யாணமும் போச்சு, இன்னும் எதுக்கு?" என்றேன்.

"கல்யாணம் போனதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? அதத்தான ஒரு மாசமாச் சொல்லிட்டு இருக்கறேன்."

உயிர் பிழைக்க வைத்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம். அம்மாவும் வந்தாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கையில் வந்தாள். நானும் அதே நம்பிக்கையில்தான் போனேன்.

வாசலிலேயே ஒரு நர்ஸ், "எத்தன கிலோம்மா?" என்றாள். பழக்கதோசத்தில் அம்மா வாய் "அம்…" என்று திறந்துவிட்டது. அப்புறம் மூடிக்கொண்டது. நர்ஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அக்காவை மெஷினில் ஏற்றினாள். "நாப்பது புள்ளி ரெண்டு," என்று உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள்.

லேடி டாக்டர். முகத்தில் சிரிப்பே கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது. முழு மயக்கத்திலும் பண்ணலாம், மரத்துப்போக வைத்தும் பண்ணலாம், மயக்க டாக்டர் தலைமாட்டிலேயே இருப்பார், அளவு மீறாது என்றார். அக்கா முழித்தே இருக்க வேண்டும் என்றாள். இத்தனைக்கும் அப்புறம்!

"வேண்டாம்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள் அம்மா.

"ஆபத்து என்னென்னன்னு எல்லாம் சொல்லிட்டேன். பத்துப் பதினஞ்சு வருசத்துல மாத்த வேண்டி வரலாம்னும் சொல்லிட்டேன். வேண்டாம்னு நீங்க சொல்றதுன்னா அவங்ககிட்டச் சொல்லுங்கம்மா. நான் வெளிய இருக்கேன்."

வெளியே போயே விட்டார். நாங்கள் மூணு பேர் மட்டும். அம்மா அக்காவைப் பார்த்தாள். "வலிச்சா வாயத் தொறந்து சொல்லுவியா சாமி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"சொல்றேன்."

எனக்கு இன்னும் புரியவில்லை. புரியாதது இன்னும் கோபமாக இருக்கிறது. ஆனால் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வண்டி சர்வீஸ். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதலாளி "என்ன விசேசம்?" என்றார். அக்காவுக்கு ஆபரேசன் என்றேன். "என்ன ஆபரேசன்?" என்றார். போன் வருவது மாதிரி நடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாட்டுச் சத்தம் இல்லை. கதவில் கண்ணாடிகூட இல்லை. காது கொடுத்துக் கேட்டால் எதிர் வார்டில் ஒரு குழந்தை அழுகிறது, அவ்வளவுதான். அம்மா பக்கத்தில். கையில் ஃபிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

எதிர் நாற்காலியில் ஒரு பொம்பளை. நாங்கள் வந்ததில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் புருசனுக்குக் குடலிறக்கம். எந்த டாக்டர், எத்தனை நாள், மலம் எப்படிப் போகிறது, எல்லாம் சொல்லிவிட்டாள். கேட்காமலே.

"உங்களுக்கு யாருக்குங்க?"

"என்ற புள்ளைக்குங்க," என்றாள் அம்மா.

"என்ன ஆபரேசனுங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். குடல்வாலா, பித்தப்பையா, பல்லா, எதை எடுக்கப் போகிறாள் என்று.

"மார்லங்க."

"அட மாரியாத்தா!" அந்தப் பொம்பளை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண்ணே கலங்கிவிட்டது. "கட்டிங்களா? சின்னப் புள்ளைக்கா? கட்டித்தானுங்களே?"

இதைவிட நல்ல பொய் இனி கிடைக்காது. அம்மா இட்டுக்கட்டக்கூட வேண்டியதில்லை. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். ஊரே பாவம் என்று சொல்லும், கோயிலில் வேண்டிக்கொள்ளும், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆட்டு அம்மா, என்று எனக்கே இருந்தது.

அம்மா ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாள், மறுபடியும் மூடினாள்.

"கட்டியெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறா. கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்கும்னு அவளுக்குத் தோணுச்சு. பண்ணிக்கறா. அவ சம்பாத்தியம்."

அந்தப் பொம்பளை வாயைப் பிளந்தபடி இருந்தாள். பையை எடுத்துக்கொண்டு ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்துவிட்டேன். அம்மா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உக்காரு. போனாப் போறா."

அம்மா கை ஈரமாக இருந்தது. இன்னும் விடவில்லை, என் சட்டையைப் பிடித்து இழுத்தபடியே இருக்கிறாள், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக வருகிறது.

அந்தப் பொம்பளை திரும்பி வந்துவிட்டாள். குனிந்து அம்மா காதுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கேட்கிறாள்: "வலிக்குமாங்க? முழிச்சிட்டேவா பண்றாங்க?" அம்மா அவளுக்கு ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றுகிறாள்.

கதவு திறந்தது. முகமூடி போட்ட நர்ஸ்.

"ஜீவிதா கூட வந்தது யாருங்க? பயப்படாதீங்க. ஊசி போடறப்ப வலிக்குதுன்னு பளிச்சுன்னு சொல்லிட்டாங்க, நிறுத்தி நிறுத்தித்தான் போட்டோம். இப்ப எல்லாம் முடிஞ்சுது, உக்காந்துட்டு இருக்காங்க. தம்பி வெளிய யாரையாச்சும் அடிச்சிட்டானான்னு கேக்கறாங்க. ஒருத்தர் மட்டும் வரலாம்."

அம்மா என் சட்டையை விட்டுவிட்டாள். போ என்று தள்ளுகிறாள். நான் போக வேண்டும்.